பீரோவில் பூட்டிய பத்து டேப்

1

“…பொட்டு வெச்சது ஒரு குத்தமாடா? சொல்லு. கண்ணாடி மேல வெச்சா கறை ஆயிடும்னு பாத்துப் பாத்து ஓரமா வெச்சேன். நீ குடுத்த பொருளாச்சேன்னு பள்ளிக்கூடத்து மணிக்கு முன்னாடி, கரும்பலகைக்கு முன்னாடி, அதுக்குத்தான் மொத சந்தனம். வெளி ஆளு ஒருத்தர் நிக்கிறாருன்னுகூட பாக்காம, எனக்கு அறிவிருக்கான்னு கேக்குறியே, நீயெல்லாம் ஒரு தம்பியா?”

வாட்ஸ்அப் திரையில் இப்படிக் கொதித்தவள் என் அக்கா வசந்தா. சேத்தியாத்தோப்பிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு சிற்றூரின் நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியை. கொதிப்பை வாங்கிக்கொண்டவன் நான். பாரிசுக்கு வெளியே ஒரு புறநகரின் அடுக்குமாடி வீட்டில், அடுப்பில் காப்பி பொங்கி வழிவதைக்கூடக் கவனிக்காமல், பதிலுக்குக் கத்திக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரே என் மகள் கிளேர், வாயில் பாதி ரொட்டியோடு உட்கார்ந்திருந்தாள். இங்கே காலை ஏழு மணி. அங்கே முதல் இரண்டு பீரியட் முடிந்திருக்கும்.

ஊர்ப் பக்கம் ஒரு சொல் உண்டு: கோபம் வந்தால் காது அடைக்கும். அன்றைக்கு மூன்று பேருக்குக் காது அடைத்திருந்தது. எனக்கு, அக்காவுக்கு, மூன்றாவதாக யாருக்கு என்பதைத்தான் இங்கே எழுத வந்தேன். எழுதும்போதும் கோபம் தணியவில்லை. தணிந்தபின் எழுதலாம் என்று மனைவி சொன்னாள். தணிந்தபின் எழுதினால் அது நன்றியுரை ஆகிவிடும்.

2

சரஸ்வதி பூசை வந்தால் எனக்கு ஊரிலிருந்து ஒரு படம் வரும். தலைமை ஆசிரியை அறையில் நீளமேசை, அதன்மேல் வெள்ளைத்துணி, துணியின்மேல் பத்து டேப், சிலேட்டு அளவுக் கையடக்கக் கணினிகள், வரிசையாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன் நடுவில் குங்குமம், தலைமாட்டில் ஒரு சாமந்தி. பக்கத்தில் பொரி, கடலை, சுண்டல். கீழே அக்காவின் செய்தி: ‘தம்பி, உங்க டேபுக்கு பூஜை போட்டாச்சு.’ கைகூப்பிய படம் இரண்டு.

முதல் ஆண்டு அந்தப் படத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. உண்மை. அந்த டேபுகள் சும்மா வரவில்லை. இந்தப் புறநகரில் நம் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். கடலூர், சிதம்பரம், பாண்டிச்சேரி என்று ஒரு கலவை. பொங்கலுக்குக் கூடுவோம். என் மனைவி ஜெசிந்தாவின் வீடு பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிய பழைய கிறிஸ்தவக் குடும்பம். அந்தக் கல்யாணத்தால்தான் நானும் இங்கே வந்தேன். அவள் தம்பி சேவியர்தான் ஒரு பொங்கலில் எழுந்து நின்று, “நம்ம ஊரு புள்ளைங்களுக்கு ஏதாவது செய்யணும் மாமா, கோயிலுக்குக் குடுத்தது போதும்,” என்று ஆரம்பித்தான்.

சிதம்பரம் மேலவீதியில் ஒரு கடையில் வாங்கினோம். வாங்கியது எளிது, கொடுப்பது பெரும்பாடு. ஒரு பள்ளிக்கூடத்துக்கு இனாமாக ஒரு பொருள் கொடுக்க வேண்டும் என்றால், திருடின பொருளைத் திருப்பிக் கொடுக்கிறவன்போல் நிற்க வேண்டும். நான் விடுமுறைக்கு வந்தபோது கடலூர் மஞ்சக்குப்பத்துக் கல்வி அலுவலகத்துக்கும் ஊருக்குமாக அலைந்தேன். ஒரு அலுவலர் கேட்டார், “எதுக்குங்க இதெல்லாம்? பெஞ்சு வாங்கிக் குடுத்தா உங்க பேர எழுதி வெக்கலாம்ல?” டேபின் முதுகில் பேர் எழுத இடம் இல்லை என்பது அவருக்குக் கவலை.

கடைசியில் பொருள் பள்ளிக்குள் போனது. போனதும் இருப்புப் பதிவேட்டில் ஏறியது. அங்கேதான் அதன் கதை முடிந்தது. நம் ஊரில் ஒரு பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறினால், அதற்கு உயிர் போய்விடும். எண்ணும்போது எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும், உடையக் கூடாது, தேயக் கூடாது. உடையாமல் தேயாமல் ஒரு பொருள் இருக்க ஒரே வழி, அதைத் தொடாமல் இருப்பது. அக்கா அதைப் பச்சை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“ஏன்க்கா, பசங்க கையில குடுக்கலாம்ல?” என்று கேட்டால், “குரங்கு கையில பூமாலைடா,” என்பாள்.

“அப்போ இப்ப என்னக்கா? நாய் பெத்த தெங்கம்பழம். உருட்டவும் தெரியாது, உடைக்கவும் தெரியாது, விட்டுட்டுப் போகவும் மனசு வராது.”

“யார்டா நாய்?”

இப்படித்தான் எங்கள் பேச்சு முடியும். இரண்டாம் ஆண்டும் படம் வந்தது. அதே மேசை, அதே துணி. சாமந்திதான் புதுசு. சேவியர் அதைப் பொங்கல் கூட்டத்தில் சுவரில் பெரிதாகக் காட்டினான். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டும்போதே உள்ளங்கை எரிந்தது. டேபுக்கு ஏன் கை தட்டுகிறோம்? அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளையின் முகத்தைப் படத்தில் யாராவது கண்டீர்களா? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி என் கூடப்பிறந்தவள். எங்கே போய் முட்டிக்கொள்வது?

3

நான் இங்கே வேலை செய்வதும் ஒரு பள்ளிக்கூடத்தில்தான். சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறுகிறவன். தலையில் வலைத்தொப்பி, கையில் பெரிய கரண்டி. நான் படித்தது பத்தாவது. மற்றதெல்லாம் பார்த்துப் படித்தது, ஆட்கள் சொல்லக் கேட்டுப் படித்தது.

அந்தப் பள்ளியின் நடையில், தண்ணீர்க்குழாய்ப் பக்கம், ஒரு நெகிழிப்பெட்டி இருக்கும். உடைந்த டேபுகளைப் போடுகிற பெட்டி. ஒன்றின் கண்ணாடியில் சிலந்திவலை, ஒன்றின் மூலை நசுங்கி, ஒன்றில் யாரோ சுவிங்கம் ஒட்டி. மாதம் ஒருமுறை நகராட்சி ஆள் வந்து எடுத்துப்போவான். சரிசெய்தால் திரும்பி வரும். வராவிட்டால் வராது. முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. ‘எங்கள் ஊரில் ஒன்றுக்குப் பூசை போடுகிறோம், இங்கே குப்பையில் போடுகிறார்களே’ என்று. என்னோடு பாத்திரம் கழுவும் மாலி நாட்டுக்காரி ஃபாத்து சிரித்தாள். “இங்கே எத்தனை தட்டு உடையுது? தட்டு உடையலைன்னா யாரும் சாப்பிடலைன்னு அர்த்தம்,” என்றாள்.

அந்தச் சொல்லை அன்றைக்கே அக்காவுக்கு அனுப்பினேன். அக்கா பதில் அனுப்பினாள்: ‘அவுங்க ஊருல ஆடிட் இல்லையா?’

எனக்கு டேப்மேல், கைப்பேசிமேல், இவ்வளவு வெறி ஏன் என்று ஜெசிந்தா கேட்பாள். அவள் பாண்டிச்சேரியிலேயே பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள், அவளுக்குத் தெரியாது. நான் இந்த நாட்டில் இறங்கியபோது எனக்கு ஒரு சொல் புரியாது. யார் எது கேட்டாலும் ‘உய்’, அதாவது ஆமாம், என்று தலையாட்டுவேன். தங்கும் அனுமதிக்காகப் போன அலுவலகத்தில், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த அம்மாள் கேட்டுக்கொண்டே போக, நான் உய், உய் என்று சொல்லிக்கொண்டே போனேன். பக்கத்தில் நின்ற ஜெசிந்தா என் விலாவில் இடித்தாள். “நான் செத்துட்டேன்னு சொல்லிட்டீங்க,” என்றாள். மனைவி இறந்துவிட்டாளா என்பதற்கும் உய் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு தலையாட்டலைத் திருத்த எத்தனை தாள், எத்தனை வரிசை!

ஜெசிந்தா எல்லா இடத்துக்கும் கூட வர முடியுமா? அவளுக்கும் வேலை. ஒருநாள் மருத்துவரிடம் தனியாக நின்று விழித்தபோது, அவரே என் கைப்பேசியை வாங்கி, ஏதோ அழுத்தி, அதை நோக்கிப் பேசினார். அவர் பேசப் பேசத் திரையில் தமிழ் எழுத்து வந்தது. கோணல்மாணலான தமிழ்தான். ஆனால் புரிந்தது. மாதக்கணக்கில் அடைத்துக்கிடந்த என் காது அன்றைக்குத் திறந்தது. மருத்துவமனைக்கு வெளியே பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, யாரும் பார்க்காமல் அழுதேன். அப்புறம் பேருந்திலேயே, அந்தக் கைப்பேசியை வைத்துக்கொண்டே, இந்த மொழியைப் பேசக் கற்றேன். அதனால் யாராவது என்னிடம் ‘இந்த மெஷினெல்லாம் பிள்ளைகளைக் கெடுக்கும்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரைக் கெடுக்கும், எப்படிக் கெடுக்கும், யாருக்கு அது காது, யாருக்கு அது வெறும் பொம்மை, பிரித்துச் சொல்லு.

கெடுக்கவே கெடுக்காது என்றும் சொல்ல மாட்டேன். வீட்டிலேயே ஒன்று இருக்கிறதே. கிளேருக்குப் பதினான்கு வயது. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில். அதுவும் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். அவள் பள்ளியில் காலையில் உள்ளே போகும்போதே கைப்பேசிகளை வாங்கிப் பைக்குள் பூட்டிவிடுகிறார்கள். அவள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து, மாட்டிக்கொண்டாள். அந்தச் செய்தி எனக்குப் பள்ளியின் செயலியில் வந்தது. அதை நான் என் கைப்பேசியிடம் கொடுத்துத் தமிழாக்கி, ‘உங்கள் மகளின் நடத்தை’ என்று ஆரம்பிப்பதைச் சாப்பாட்டுக்கூடத்தில் நின்று வாசித்தேன். மகளைப் பற்றி மகளின் பள்ளி எழுதுவதை, மொழிபெயர்த்து வாசிக்கிற அப்பன். இதற்கு ஊரில் ஏதாவது சொலவடை இருந்தால் எழுதியனுப்புங்கள். எனக்குத் தெரிந்து இல்லை.

4

இந்த ஆகஸ்டில் ஊருக்குப் போனபோது கிளேரையும் கூட்டிக்கொண்டு அக்காவின் பள்ளிக்குப் போனேன். அங்கேதான் கயல்விழியைப் பார்த்தேன்.

ஏழாம் வகுப்பு. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. மருத்துவ முகாமில் கொடுத்த காதுக்கருவி அவளுக்குப் பயன்படவில்லை. ஆனால் படிப்பாள். எழுத்தைக் கண்டால் விடமாட்டாள். பொட்டலம் கட்டிவந்த தாளையும் படிப்பாள். வாத்தியார் பேசுவதுதான் அவளுக்குப் போய்ச் சேராது. பல வருசமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முன்னால் இருக்கும் பிள்ளைகள் சிரித்தால் தானும் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அந்தப் பள்ளியில் எழிலரசி என்று ஓர் இளம் ஆசிரியை. அவள்தான் ஒருநாள் தன் கைப்பேசியைக் கயலின் பெஞ்சில் நிறுத்திவைத்து, பேச்சை எழுத்தாக்கும் செயலியைத் திறந்துவிட்டுப் பாடம் நடத்தியிருக்கிறாள். எனக்கு அந்த மருத்துவர் செய்ததே. நான் பார்த்த அன்றைக்கு எழில் நிறைமாதமாக, மூச்சு வாங்க, சிலப்பதிகாரக் காலத்துத் தமிழ்போல் ஒவ்வொரு சொல்லாக உச்சரித்துக்கொண்டிருந்தாள்.

“நம்ம பேச்சு இதுக்கு வெளங்கல சார்,” என்றாள். “போறேன், வரேன்னு சொன்னா முழிக்குது. போகிறேன், வருகிறேன்னு சொன்னாதான் ஒழுங்கா எழுதுது. பசங்க என்ன ‘நியூஸ் டீச்சர்’னு கூப்பிடுறாங்க.”

கயல் திரையைப் பார்ப்பாள், எழிலைப் பார்ப்பாள், டக்கென்று எழுதுவாள். ஒரு கேள்விக்கு வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்கினாள். கிளேர் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆனால் பாடம் பாதியில் நின்றது. எழிலின் கைப்பேசி வேண்டும் என்று பக்கத்து வகுப்பு வாத்தியார் வந்து நின்றார். வருகைப் பதிவை அதில்தான் ஏற்ற வேண்டும். மதிய உணவை அதில்தான் படம் பிடித்து ஏற்ற வேண்டும். கழிப்பறை கழுவியதைப் படம் பிடிக்க வேண்டும். மரக்கன்று வைத்ததை, கை கழுவியதை, உறுதிமொழி எடுத்ததை. ஊர்ப் பள்ளிக்கூடங்களில் தொழில்நுட்பம் இல்லை என்று யார் சொன்னது? நாள் முழுக்க அதுதான் நடக்கிறது. மேலே இருக்கும் அதிகாரிகள் பார்ப்பதற்காக நடக்கிறது. பிள்ளைகளுக்காக நடக்கவில்லை. பாடம் நடத்தியதற்குப் படம் இருந்தால் போதும். எங்களுக்குப் பொங்கலுக்கு ஒரு படம் இருந்தால் போதும். எல்லாருக்கும் படம் கிடைத்துவிட்டது. கயலுக்குப் பாடம்தான் பாதியில் நின்றது.

கிளேர் பீரோவைக் காட்டிக் கேட்டாள், அதுவும் தமிழில்: “எங்க ஸ்கூல்ல நாங்க கெட்டுப்போறோம்னு பூட்டுறாங்க. இங்க ஏன் அத்தை பூட்டியிருக்கீங்க?”

அக்கா என்னைப் பார்த்தாள். “நீ சொல்லிக் குடுத்தியா?”

அன்றைக்குப் பள்ளி வாசலில் கயலின் அப்பா முருகேசனையும் பார்த்தேன். பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். நல்ல மனிதர், அதனால்தான் அவர் சொன்னது இன்னும் சுட்டது. “டீச்சருக்குப் புள்ள பொறந்துட்டா அப்புறம் யாருண்ணே இவளப் பாப்பா? பண்ருட்டியில இவ பெரியம்மா இருக்காங்க. காலாண்டுப் பரிச்சை வரைக்கும் பாப்பேன். அதுக்குமேல அங்க அனுப்பிடுவேன். அங்கயும் ஸ்கூலு இருக்குல்ல?”

ஸ்கூல் இருக்கிறது. அதைவிட முந்திரி உடைக்கும் கொட்டகை ஜாஸ்தி இருக்கிறது. முந்திரிக்கொட்டையின் எண்ணெய் பட்டுப்பட்டுக் கருகிப்போன கைகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே போகிற பெண்பிள்ளை, அதுவும் யார் என்ன சொன்னாலும் காதில் விழாத பெண்பிள்ளை, எந்தப் பள்ளியில் சேரும் என்பது முருகேசனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்காவிடம் கெஞ்சினேன். “ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடுக்கா. அந்தப் புள்ளைக்கு மட்டும்.”

“பாக்கலாம்.”

“பாக்கலாம்னா?”

“பாக்கலாம்னா பாக்கலாம்தான். எனக்கு அடுத்த வருசம் ரிட்டயர்மெண்டுடா. ஒண்ணு கொறஞ்சாலும் என் பென்ஷன் பேப்பர நிறுத்தி வெச்சுருவான். முன்னாடி இருந்த எச்.எம். ஒரு கம்ப்யூட்டர் காணாமப் போனதுக்கு எத்தன வருசம் கடலூருக்கு நடந்தாரு தெரியுமா? செவிடன் காதுல சங்கு ஊதுன கணக்கா எங்கிட்டயே வந்து ஊதாத.”

சொல்லிவிட்டு அவளே சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். நான் சொலவடைகளைச் சேர்க்கிறவன். ஆட்கள் பேசும்போது காதில் விழுகிறதை வீட்டுக்கு வந்து திரும்பச் சொல்லிப் பார்க்கிறவன். அந்த ஒன்றை அன்றோடு விட்டுவிட்டேன்.

5

எழிலுக்குப் பிள்ளை பிறந்தது. அவள் விடுப்பில் போனாள், கைப்பேசியும் அவளோடு போனது. கயல் மறுபடி கடைசி பெஞ்சுக்குப் போனாள். காலாண்டுத் தேர்வு வந்தது, போனது. நடுவில் வழக்கம்போல் பூசைப் படமும் வந்தது. இந்தத் தடவை நான் கைகூப்பிப் பதில் போடவில்லை. ஒன்றுமே போடவில்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்றுதான் நான் தொடக்கத்தில் சொன்ன காலை. காப்பி வைத்துக்கொண்டிருந்தேன். அக்காவிடமிருந்து குரல் செய்தி. ஓட்டினேன்.

“டேய், நீ சொன்ன மாதிரி ஒண்ண வெளிய எடுத்துட்டேன். சந்தோசமா? எழிலு போன்ல சொல்லச் சொல்ல நானே அந்த ஆப்ப எறக்குனேன். கயலு அப்பன் டி.சி. கேட்டு வந்து நிக்கிறான். அவனையும் பக்கத்துல நிறுத்தி வெச்சு, அரை மணி நேரமாப் பேசுறேன்டா, போகிறேன், வருகிறேன்னு. ஒரு எழுத்து வரல. உன் டேபுக்கும் காது கேக்கல. அந்தாளு சிரிச்சுட்டான். அந்தப் பொண்ணு என் மூஞ்சியப் பாத்துட்டு வெளிய போய் நிக்குது. அவ்ளோதான். டி.சி. போட்டுக் குடுக்கப் போறேன். அந்தச் சைட்டு வேற சுத்திக்கிட்டே இருக்கு.”

மாற்றுச் சான்றிதழையும் இப்போது இணையத்தில்தான் போட வேண்டுமாம். அந்தத் தளம் திறக்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தத் தளத்தை நான் எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு ஒருநாள்தான் வாழ்த்தினேன்.

எழிலுக்குப் போன் அடித்தேன். பின்னணியில் குழந்தை வீரிட்டது. “எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு. மைக்குக்கு அனுமதி குடுத்தாச்சு, தமிழும் மாத்தியாச்சு. பேசறது உள்ள போகவே இல்ல. என்னன்னு எனக்கும் தெரியல,” என்றாள்.

மலிவு மாடலை வாங்கிவிட்டோமா? எடுக்காமலே வைத்துக் கெட்டுப்போய்விட்டதா? சேவியரைத் திட்டினேன், கடைக்காரனைத் திட்டினேன், அக்காவைத் திட்டினேன், சுவரைப் பார்த்துத்தான். கிளேர் ரொட்டியை மென்றுகொண்டே, “எந்த டேப்? காட்டுங்க,” என்றாள். என்னிடம் இருந்தது பூசைப் படம் மட்டும்தான். அதைக் காட்டினேன்.

அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். டேபின் கீழ் விளிம்பு வந்து நின்றது. அங்கே, மொத்தமாக, மூன்று பூசைச் சந்தனம் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து அப்பியிருக்க, நடுவில் குங்குமம்.

“அப்பா,” என்றாள். “அத்தை மைக்மேல பொட்டு வெச்சிருக்காங்க. எல்லாத்துலயும். பாருங்க, எல்லாத்துலயும் அதே இடம்.”

அக்கா யோசித்துத்தான் வைத்திருக்கிறாள். கண்ணாடிமேல் கறை படக் கூடாது. கேமராமேல் படக் கூடாது. விளிம்பில் ஒரு சின்னக் குழி தெரிகிறது. பொட்டு வைக்கவே செய்த இடம்போல் இருக்கிறது. பக்தியோடு, பயத்தோடு, ஒரு கறை இல்லாமல், பத்து டேபின் காதையும் வரிசையாக அடைத்திருக்கிறாள்.

கோபத்தில் மனிதன் நல்லதை நல்லவிதமாகச் சொல்ல மாட்டான். நான் அழைத்தேன். அக்கா எடுத்தாள். பின்னால் முருகேசன் நின்றார். ‘அக்கா, அந்த ஓரத்துல கொஞ்சம் சந்தனம் இருக்கு, துடைச்சுப் பாரு’ என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: “அறிவிருக்கா உனக்கு? பள்ளிக்கூடம் நடத்துறியா, கோயில் நடத்துறியா? பூட்டி வெச்சது பத்தாதுன்னு அதோட காதையும் அடைச்சு வெச்சிருக்க. மைக்குமேலயா பொட்டு வெப்பாங்க?”

அதற்குத்தான் அக்கா அப்படிக் கொதித்தாள். பொட்டு வைத்தது ஒரு குற்றமா, வெளி ஆள் முன்னால் கேட்கலாமா, நீயெல்லாம் ஒரு தம்பியா.

தம்பியா என்று கேட்டால் என்ன சொல்வது? கிளேர் என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கினாள். “அத்தை,” என்றாள். “கீழ ஒரு குட்டி ஓட்டை. அது காது.”

திரையில் அக்காவின் முகம் அப்படியே நின்றது. இணைப்பு நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். நிற்கவில்லை. கண் சிமிட்டினாள். அப்புறம், “இந்தா, புடிய்யா,” என்று கைப்பேசியை முருகேசன் கையில் திணித்தாள். அதற்குமேல் நாங்கள் பார்த்தது எல்லாம் அந்த மனிதரின் கை வழியாகத்தான்.

அக்கா வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள். மேசைமேல் கிடந்த டேபை எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விளிம்பைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“ஆழமாக் குத்தாதீங்க அத்தை!” என்று கிளேர் அலறினாள்.

“தெரியும்டி.”

காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அக்கா முந்தானையால் துடைத்தாள். குழந்தையின் கண்ணில் தூசி விழுந்தால் ஊதுவார்களே, அப்படி உதட்டைக் குவித்து, அந்தக் குழியில் ஊதினாள். டேபை நிமிர்த்தி வைத்து, வாசல் பக்கம் போய்க் கயலின் கையைப் பிடித்து இழுத்துவந்து, அதன் முன்னால் நிறுத்தினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, என் அக்கா வாழ்நாளில் யாரிடமும் பேசாத தமிழில் பேசினாள்.

“கயல்விழி. நீ வகுப்புக்குப் போகிறாய்.”

முருகேசன் குனிந்தார் போலிருக்கிறது, படம் சாய்ந்தது. சாய்ந்த படத்தில் வெள்ளைத் திரை தெரிந்தது, திரையில் எழுத்து தெரிந்தது, எழுத்தின்மேல் கயலின் விரல் தெரிந்தது. ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக்கொண்டே போனாள். முடிந்ததும் தன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை நேராகக் கைப்பேசிக்குள், எங்கள் சமையலறைக்குள் வந்தது.

“அக்கா, டி.சி.?” என்று கத்தினேன்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பச்சை பீரோவை அகலத் திறந்தாள். மீதி ஒன்பதையும் மார்போடு அணைத்து வந்து மேசைமேல் பரப்பினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊக்கை விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு, அடுத்ததை எடுத்தாள்.